பியானோ கட்டைகளில் நான் ஒட்டிய ஏழு நிறங்கள்

அன்புள்ள சேவியர்,

நீ கோயிலில் பாட்டுக்குழுவுக்கு ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கிறாய். நம் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூடச் சுவர்தான் இருக்கிறது என்பதால் ஒவ்வொரு பாட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. தவக்காலப் பாடல்களைப் பழக்கி முடிக்க ஆறு மணி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாய். இப்போது மணி மூன்று. அந்த ஹார்மோனியம் நிற்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். நாளைக் காலை நீ கும்மிடிப்பூண்டிக்குப் போகிறாய். இரும்புக் கம்பெனி டாக்டர் உன் கண்ணைப் பார்ப்பார். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால் உனக்கு கிரேன் ஓட்டும் வேலை, ஈஸ்டர் கழிந்த வாரம் லில்லியோடு கல்யாணம். இரண்டையும் கெடுக்கக்கூடிய ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் எதிரில் வாயைத் திறந்தால் எனக்குப் பாடம் நடத்துகிற குரல்தான் வரும். அந்தக் குரலை நீ போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டாய்.

வியாழக்கிழமை உன் காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சீட்டு இருந்தது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். எழுத்து லில்லியின் அண்ணன், அந்தக் கம்பெனியிலேயே வேலை செய்கிற ஆரோக்கியத்தினுடையது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் நம் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். நீங்கள் இருவரும் முன்னறையில் பேசியது காதில் விழுந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

"புக்கு பூரா புள்ளி புள்ளியா இருக்கும் மச்சான். புள்ளிக்குள்ள ஒரு நம்பரு. தெரியலன்னா இன்னா, பாட்டு மாதிரி நெட்ரு பண்ணிக்கினு போ. டாக்டரு பொரட்டுவாரு, நீ பாட்டுக்குச் சொல்லிக்கினே இரு" என்றான் அவன்.

"வரிசைய மாத்திட்டா?"

"மாத்த அவருக்கு ஏது நேரம்? நாஷ்டா துன்னுட்டு வந்து ஒக்காந்தாருன்னா ஒரு மணி நேரத்துல ஊரையே பாஸ் பண்ணி உட்டுருவாரு."

"சரி. மேல ஏறினப்புறம்?"

"தூண்ல ரெண்டு வெளக்கு இருக்கும். மேல இருக்கறது செவப்பு, கீழ இருக்கறது பச்சை. கலரு ஒனக்கு எதுக்கு, எடத்தைப் பாரு. ஒரு பேஜாரும் இல்ல."

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பார்க்க முடியாததை மனப்பாடம் செய்து, பார்த்துச் சொல்வதுபோலச் சொல்லும் வித்தையை உனக்கு ஆரோக்கியம் கற்றுத் தரவில்லை. உனக்கு அது ஒன்பது வயதிலேயே தெரியும். அதைப் பழக்கியவள் நான்.

நம் பியானோ வீட்டுக்கு வந்தது உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது. அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது, பியானோவை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன் அப்பாவை நச்சரித்து வாங்க வைத்தேன். வைக்கோல் பரப்பிய லாரியில் வந்து இறங்கியது. தெருவே கூடி நின்று பார்த்தது. முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிறவர் வீட்டுக்குப் பியானோ எதற்கு என்று பேசினார்கள். அவர்கள் பேசட்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். நான் சென்னையில் கான்வென்ட்டில் படித்தவள், பத்து வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் வாசிக்கப் பழகியவள் என்பதை இந்த ஊர் மறந்துவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது. நீ "ஊட்டுக்கு" என்றால் உதட்டில் தட்டி "வீட்டுக்கு" என்று திருத்துவேன். அந்த வீம்பின் இன்னொரு முகம் அது.

எங்கள் மதர் எனக்கு நோட்ஸ் படிக்கக் கற்றுக்கொடுத்தது ரூல்தடியால். இடது கையை விரித்துப் பிடிக்கச் சொல்வார். ஐந்து விரலும் ஐந்து கோடுகள், விரல் இடுக்குகள் நான்கும் இடைவெளிகள். "மூன்றாம் கோடு எது?" என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் அந்த விரலிலேயே அடி விழும். என் பிள்ளைக்கு அந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடிக்காமல் சொல்லிக்கொடுக்க ஒரு வழியை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது. ஏழு நிறத்தில் கிளேஸ் பேப்பர் வாங்கிக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மைதாப் பசையால் ஒவ்வொரு வெள்ளைக் கட்டையின் தலையிலும் ஒட்டினேன். ஓர் அட்டையில் ஐந்து கோடுகளை இழுத்து, கோட்டிலும் இடைவெளியிலும் நோட்டுகளை அதே நிறங்களில் வரைந்து, கட்டைகளுக்குப் பின்னால் நிமிர்த்தி நிறுத்தினேன். நீ முதலில் வாசிக்க வேண்டிய சின்னப் பாட்டுகளையும் அதே நிறங்களில் எழுதினேன். தாளில் சிவப்பைப் பார்த்தால் சிவப்புக் கட்டையை அழுத்து. பச்சையைப் பார்த்தால் பச்சையை. கொஞ்ச நாள் போனால் கண் தானாகவே கோட்டைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நிறத்தை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

நிறங்களை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்தடுத்த கட்டைகள் ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாது என்று, பக்கத்தில் பக்கத்தில் கொஞ்சமும் ஒட்டாத நிறங்களாக வைத்தேன். நடு ஸி சிவப்பு. அதை அடுத்த டி பச்சை. ஈ மஞ்சள். எஃப் நீலம், ஜி ஊதா. ஏ ஆரஞ்சு. பி காப்பிக்கொட்டை நிறம். டாக்டர் வீட்டுப் பெண் வசந்தி என்னிடம் பழக வந்தாளே, அவள் இந்த அட்டையைப் பார்த்து இரண்டே வாரத்தில் வாசித்தாள். அவள் அம்மா வந்து பார்த்துவிட்டு, தன் தங்கை பிள்ளைகளுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். நீ மட்டும் ஒரு மாதமாகியும் தடுமாறினாய். அதுவும் அதே இரண்டு இடங்களில். ஸி அடிக்க வேண்டிய இடத்தில் டி. எஃப் அடிக்க வேண்டிய இடத்தில் ஜி. மஞ்சளில் மட்டும் நீ தவறவே இல்லை.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். வசந்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நீ மறுபடி பச்சையை அழுத்தினாய். "சிவப்பு எங்கே இருக்கிறது, காட்டு" என்றேன். நீ தாளைப் பார்த்தாய், கட்டையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்குது" என்றாய்.

"திமிர் பேசாதே. காட்டு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குதும்மா."

வசந்தி களுக்கென்று சிரித்தாள். ரூல்தடியே வேண்டாம் என்றிருந்த வீட்டில் அன்று ரூல்தடியை எடுத்தேன். அடிக்கு நடுவில் நீ மூன்றாவது முறையும் அதையே சொன்னாய். பயத்தில் பொய் சொல்கிற பிள்ளை வேறு பொய்யைத் தேடும். நீ ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இனி எழுதப்போவதை நான் நேற்று வரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டபோதுகூட விழுங்கிவிட்டேன். நீ பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நொடியிலேயே தெரியும். ஏனென்றால் அதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். உன் பெரிய மாமா, என் அண்ணன், ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலைக்குப் போனார். பெரம்பூரில் ஒரு கூடை நிறையக் கம்பளி நூல்கண்டுகளைக் கொட்டி, பச்சையை மட்டும் பிரித்து வை என்றார்களாம். வீட்டுக்கு வந்து, "எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றார். அப்போது எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அண்ணனுக்குக் கண்ணில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் யார் வருவார்கள்? உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னார் என் அம்மா. ஆறடிக்கு நின்ற மனிதர் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு கோலார் பக்கம் வேலைக்குப் போனார். கடிதம் குறைந்து, பிறகு நின்றே போனது. உன் அப்பா வீட்டில் இதை நான் சொல்லவே இல்லை. நீ "ஒண்ணாத்தான் இருக்குது" என்றதும் என் அண்ணன் குரலே கேட்டது. அதனால்தான் அடித்தேன். உனக்குத் திமிர் என்றால் என் வளர்ப்பில் குறை, அடித்துத் திருத்தலாம். உனக்குக் கண் என்றால் அது என் ரத்தம். அதை எப்படித் திருத்துவது?

உன் அப்பாவுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய்த் திரும்புகிறேன், வாசலிலேயே பியானோ சத்தம் கேட்கிறது. நான் உனக்கு ஒருமுறைகூட வாசித்துக் காட்டாத பாட்டு. தட்டுத் தடுமாறி வருகிறது, ஆனால் தப்பில்லாமல் வருகிறது. பையோடு அப்படியே நின்று கேட்டேன். என் பிள்ளை படித்து வாசிக்கிறான் என்று கண் கலங்கியது. உள்ளே போனால், உன் அப்பா இங்க் பேனாவோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சிவப்புத் தாளின் மேல் ஒரு புள்ளி. பச்சையின் மேல் ஒரு பெருக்கல் குறி. நீலத்தில் ஒரு கோடு, ஊதாவில் இரண்டு கோடு. அட்டையிலும் பாட்டுத் தாளிலும் அதே குறிகள்.

"என்ன இது?" என்றேன்.

"கோர்ட்டுல ஒரே மாதிரி ரெண்டு கட்டு இருந்தா ஓரத்துல ஒரு குறி போட்டு வைப்போம். அந்த மாதிரிதான்."

"சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரியா?"

"அவனுக்கு" என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் பேசவில்லை. "என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே அந்தத் தாள்களைச் சுரண்டி எடுத்தேன். புதிதாக ஏழு நிறம் வெட்டி ஒட்டினேன். அட்டையையும் புதிதாக எழுதினேன். நீ மடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்த வாரத்திலிருந்து நீ தவறவே இல்லை. எனக்கு வெற்றி. நான் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், மறுநாள் நீ முழுப் பாட்டையும் வாசித்தாய், கண் தாளின் மேலேயே இருக்கும், திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் தாளைத் திருப்புவாய். நீ அதில் ஒரு நோட்டையும் படிக்கவில்லை. எல்லாம் காது. அது எனக்குத் தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது வயதில் உன்னைச் சென்னைக்குப் பியானோ பரீட்சைக்கு அழைத்துப் போனேன். பரீட்சை வைக்க ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மூன்று பாட்டும் பிசகில்லாமல் வந்தன. தாள் திரும்பும் சத்தமும் நேரத்துக்கு வந்தது. பிறகு, முன்பின் பார்க்காத ஒரு தாளை வைத்துப் படித்து வாசிக்கச் சொல்லும் கட்டம். உள்ளே சத்தமே இல்லை. வெகுநேரம் வரை இல்லை. அப்புறம் நான் பழக்கிய இங்கிலீஷில் உன் குரல், மரியாதையாக, "ஐயா, நீங்கள் ஒரு தடவை வாசித்துக் காட்டுவீர்களா?" என்று கேட்டது. அவர் சிரித்துவிட்டார். மற்றதில் நீ வாங்கிய மதிப்பெண் உன்னைக் கரையேற்றிவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில், "ஏன் பேசாமல் உட்கார்ந்திருந்தாய்?" என்று கேட்டேன். "அந்தப் பாட்டை யாரும் இன்னும் வாசிக்கலம்மா" என்றாய். திருவள்ளூர் வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சான்றிதழைச் சட்டம் போட்டுப் பியானோவுக்கு மேல் மாட்டினேன். அதே மாதம் வெந்நீரும் கத்தியும் கொண்டு நிறத் தாள்களை எல்லாம் எடுத்துவிட்டேன். நீயும் பியானோ பக்கம் வருவதை விட்டுவிட்டாய். நான் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு கிடைத்தும் நீ ஃபிட்டர் பிரிவை எடுத்தாய். ஏன் என்றதற்கு "சும்மாதான்" என்றாய். ஒயர்களின் நிறம் என் மனதில் ஓடியது, வாய் திறக்கவில்லை. உன் அப்பா இறந்த வருஷம், எனக்கு ரத்தக் கொதிப்பு என்று போனபோது, வசந்தியின் அப்பாவிடம் யாரோ தெரிந்தவர்களுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அது அம்மா வழியில வரும்மா. பொண்ணுங்க பார்வை நல்லாத்தான் இருக்கும், பிள்ளைக்குக் கொடுத்துடுவாங்க" என்றார். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாளைக்கு உனக்குப் பெண் பிறந்தால் அவள் எல்லா நிறத்தையும் பார்ப்பாள், ஆனால் அவள் பிள்ளைக்கு இது வரலாம். அவளுக்கு வரன் பார்க்கும் வயதில் இதை மறைக்காமல் சொல்லிவிடு. என் அம்மா என் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய் இரண்டு தலைமுறையைத் தின்றது போதும்.

நேற்று நான் பழைய கான்வென்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா, அது பொய். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி ஆரம்பாக்கத்துக்கு, லில்லி வீட்டுக்குப் போனேன். நிச்சயத்தன்று அந்த வீட்டில் கொடுத்த காப்பியை நான் வாயில் வைக்காமலே வைத்துவிட்டு வந்ததை நீ கவனித்தாய். நீ கவனித்ததை நானும் கவனித்தேன். அவர்கள் தாத்தா வயலில் கூலிக்கு நின்றவர், நான் கான்வென்ட்டில் படித்தவள் என்கிற நினைப்புத்தான், வேறொன்றுமில்லை. நேற்று வயல் வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து அந்த வீட்டுக்குப் போய், இரண்டு தம்ளர் காப்பி குடித்தேன். லில்லியும் ஆரோக்கியமும் மட்டும் இருந்தார்கள். ஆரோக்கியம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சீட்டை அவன் முன்னால் வைத்தேன். அவன் முகம் செத்துவிட்டது.

"மச்சானுக்கு ஒரு நல்ல ஜோலி கெடைக்கட்டும்னுதான் அத்தே" என்றான்.

"தூணில் இருக்கிற விளக்கு எப்போதும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"காய்ச்சின இரும்பு மேல தண்ணி அடிக்கும்போது ஆவியில ஒண்ணும் தெரியாது. அப்போ டார்ச்சுதான். கண்ணாடியத் தள்ளினா செவப்பு, நிறுத்து. இன்னொரு வாட்டி தள்ளினா பச்சை, தூக்கு."

"அதில் மேலே கீழே என்று உண்டா?"

கடலை உரித்த கை நின்றது. "இல்ல அத்தே. ஒரே வட்டம்தான்."

"அந்த டார்ச்சை யார் பிடிப்பது?"

அவன் தங்கையைப் பார்த்தான். லில்லிதான் சொன்னாள். "இவன்தான் அத்தே. கிரேனுக்குக் கீழ நின்னு கொக்கி மாட்டறவன்தான புடிக்கணும்."

அதன் பிறகுதான் நான் வந்த விஷயத்தை, உன் மாமாவின் நூல்கண்டிலிருந்து தொடங்கி, முழுவதும் சொன்னேன். இருபது வருஷமாக நான் பூட்டி வைத்ததைக் கேட்டு அந்தப் பெண் அழுவாள், அல்லது அப்பாவைக் கூப்பிட்டுக் கல்யாணத்தை நிறுத்துவாள் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிய எனக்கு நேரம் ஆனது.

"எனக்குத் தெரியும் அத்தே. மாதா திருநாளைக்குப் பச்சைப் பொடவை எட்துக்கினு வரேன்னு சொல்லிட்டு, காப்பிக்கொட்டைக் கலர்ல ஒண்ணு எட்துக்கினு வந்தாரு. நான் பச்சைதான்னு சொல்லிக் கட்டிக்கினேன். தெருவே சிரிச்சுது."

"நீ அவனிடம் சொல்லவில்லையா?"

"சொன்னா வருத்தப்படுவாருன்னு உட்டுட்டேன்." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "காது இருக்குதில்ல அவருக்கு? டார்ச்சுக்கு பதிலா விசிலு ஊதேன்."

"நம்ம நைனா கம்பெனியா அது, நீ சொன்னதும் விசிலு வாங்கிக் குடுக்க?"

"கேட்டாதான தெரியும்."

கம்பெனி கேட்குமா, கேட்காதா எனக்குத் தெரியாது. உனக்குக் கீழே வேறு வேலை கொடுப்பார்களா, வெளியே போ என்பார்களா, அதுவும் தெரியாது. நல்லதே நடக்கும் என்று எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன். நான் கிளம்பும்போது ஆரோக்கியம் ரயில் நிலையம் வரை வந்தான். வண்டி தெரிந்ததும் சொன்னான். "நான் போய் கம்பெனில சொல்ல மாட்டேன் அத்தே. அது மச்சான் ஜோலி. அவரு மேல ஏறினாருன்னா நான் கீழ நிப்பேன். அவ்ளோதான்."

அந்த வார்த்தையோடு திருவள்ளூர் வரை வந்தேன். அவன் நிற்பான், சேவியர். அவன் முகத்தைப் பார்த்தேன், கட்டாயம் நிற்பான். ஆவியில் ஒரே ஒரு வட்ட வெளிச்சம் உனக்குத் தெரியும். அதற்குக் கோடும் இருக்காது, இடைவெளியும் இருக்காது. நிறம் மட்டும்தான். பரீட்சை அறையில் நீ செய்ததுபோல, யாராவது ஒருமுறை வாசித்துக் காட்டட்டும் என்று காத்திருக்க அங்கே நேரம் இருக்காது.

அதனால் என் முடிவையும் எழுதிவிடுகிறேன். நீ அந்த எண்களை ஒப்பித்து வேலையில் சேர்ந்தால், மறுநாள் நானே கம்பெனி வாசலுக்குப் போய், டாக்டரைப் பார்த்துச் சொல்வேன். மிரட்டல் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. உன் அப்பா தெரிந்தும் பேசாமல் இருந்தார், நான் தெரிந்தும் பேசாமல் இருந்தேன், அதன் பலன்தான் அந்தச் சீட்டு. ஆனால் நான் போக வேண்டி வரக் கூடாது. உன் வாயால் வர வேண்டும். உனக்கு அது புதிதில்லை.

பியானோவுக்கு மேல் இருந்த சான்றிதழை இன்று கழற்றிவிட்டேன். சுவரில் வெள்ளையாகத் தெரிகிற சதுரத்தைப் பார்த்து என்னவோ ஏதோ என்று பயப்படாதே. தாள் வைக்கும் பலகையில் ஓர் அட்டை இருக்கும். உன் அப்பா குறி போட்ட பழைய அட்டைதான். அன்று தாள்களைச் சுரண்டினேனே தவிர, அவர் எழுத்து இருந்ததால் அட்டையைக் கிழிக்க மனம் வரவில்லை. துணிப்பெட்டியின் அடியில் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். நிறம் எல்லாம் வெளுத்துவிட்டது. புள்ளியும் பெருக்கல் குறியும் கோடுகளும் கறுப்பாக அப்படியே இருக்கின்றன. பிள்ளைக்கு நோட்ஸ் படிக்க ஒட்டுகிற தாளை, ஒட்டுகிறவளின் கண் கொண்டு தேர்ந்தெடுத்தது என் தப்பு. அவர் உன் கண்ணைக் கேட்டு எழுதினார். அந்த அட்டையோடு உன்னை விட்டிருந்தால் நீ படித்திருப்பாய். சந்தைப் பையோடு வாசலில் நின்று நான் கேட்ட அந்தப் பாட்டு அதற்குச் சாட்சி.

ஹார்மோனியம் நின்றுவிட்டது. பிள்ளைகள் கோயில் வாசலில் கலைகிற சத்தம் கேட்கிறது. நாளைக் காலை வண்டிக்கு உன்னோடு நானும் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. டாக்டர் அறைக்கு உள்ளே வரமாட்டேன். அன்றுபோலவே கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் புத்தகத்தை விரித்து, புள்ளிகளுக்குள் என்ன தெரிகிறது என்று கேட்பார். ஆறு வயதில், ரூல்தடிக்கு முன்னால், என்னிடம் மூன்று தடவை சொன்னாயே, அதை அவரிடம் ஒரே ஒரு தடவை சொல். எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது என்று சொல். எனக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொல். இந்த முறை நான் நம்புகிறேன்.

உன்
அம்மா